நாற்பத்தொரு விநாடி

ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த கம்பெனி வக்கீல்
அதை மூன்று முறை ஓட்டினார்.
வண்டியின் பின்பக்கத்திலிருந்து
இருபது கிலோ உப்பு மூட்டையை இறக்கி
தோளில் சாய்த்து
வாசற்படி வரை நடக்கிறார் லோர்ன் மியூஸ்.
கிழிக்கிறார். தூவுகிறார்.
மூலையில் தேதி, மணி, ஒரு சிவப்புப் புள்ளி.
நாற்பத்தொரு விநாடி.

"முதுகு போனவர்" என்றார் வக்கீல்.
மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.
நல்ல வக்கீல்; எங்கே நிறுத்துவதென்று தெரிந்தவர்.

ஏன் தூக்கினீர்கள் என்று கேட்டதற்கு
லோர்ன் சொன்னது இவ்வளவுதான்:
"படி உறைந்திருந்தது."
முந்தின வாரம் அதில் நடீன் வழுக்கி விழுந்ததை
நான்தான் பிறகு துருவித் தெரிந்துகொண்டேன்.
இருபத்தாறு வருடம் கப்பல் எஞ்சின்களோடு கிடந்தவர்.
எஞ்சின்கள் காரணம் கேட்பதில்லை.

பாலிசியின் ஒன்பதாம் பக்கம்:
முதல் இரண்டாண்டு
தன் தொழிலைச் செய்ய இயலாதவர்.
அதன் பிறகு
ஏதேனும் ஒரு தொழிலைச் செய்ய இயலாதவர்.
இந்த 'ஏதேனும்' என்ற சொல்லுக்குள்தான்
பதினெட்டு வருடமாக நான் குடியிருக்கிறேன்.
வாடகை என் கட்சிக்காரர்கள் கொடுக்கிறார்கள்.

மீதிப் படத்தைக் கொடுங்கள் என்று எழுதினேன்.
சம்பந்தமில்லை என்றார்கள்.
நீதிபதி கேட்டதும் சம்பந்தம் வந்துவிட்டது:
மூன்று நாள், பத்தொன்பது மணி நேரம்.

யார்மத்தில் பிப்ரவரி.
கீழே ஆணியும் பெயின்ட்டும் விற்கும் கடையை மூடிவிட்டார்கள்.
துறைமுகத்தில் மூடுபனிச் சங்கு.
ஆறிப்போன காபியோடு
நானும் அந்த வீட்டை வேவு பார்த்தேன்.
கதவு. கதவு. ஒரு நாய் கடந்து போகிறது. கதவு.
இரண்டாம் நாள் முழுக்கப் பனி;
படியில் தபால்காரி ஏறி இறங்கிய தடம் மட்டும்.
ஜன்னலில் நடீனின் தலை குனிகிறது,
நிமிர நேரமாகிறது,
யாருக்கோ காலுறை மாட்டிவிடுகிறாள்.
கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.
கூலி வாங்குகிறவள் என்பது நினைவு வந்து
பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள், மாலை நான்கு பன்னிரண்டு.
கதவு திறக்கிறது.
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
ஏணியில் இறங்குகிறவர் மாதிரி பின்புறமாக
ஒவ்வொரு படியாய் லோர்ன்.
மொத்தமே மூன்று படி.
கடைசிப் படியில் நின்றுவிடுகிறார்.
ஐந்து நிமிடம்.
ஏழு.
வண்டி பத்தடி தள்ளி நிற்கிறது.

அப்போது கேட்டது ஒரு குரல்,
காருக்குள்ளிருந்து, கேமராவுக்கு மிக அருகே,
மைக்கை அணைக்க மறந்த ஆளின் தொண்டையிலிருந்து:
"போதும்யா, உள்ளே போ.
அடப்பாவமே, யாராவது வந்து
இவரைக் கூட்டிக்கிட்டுப் போங்களேன்."

எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன்.
குளிர் வந்து மேஜைக் காகிதங்களைக் கலைத்தது.
கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன்.

வழக்கு விசாரணை வரை போகவில்லை.
அந்தக் குரலை ஒரே ஒரு முறைதான் ஓட்டினேன்.
ஹாலிஃபாக்ஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
எவ்வளவுக்கு முடிந்தது என்று சொல்லக் கூடாதென
நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

லோர்ன் தொகையைப் பற்றி அதிகம் பேசவில்லை.
"அந்த ஆள் யார்?" என்றார்.

பெயர் இல்லை. கோப்பில் இருப்பது
அவர் கம்பெனிக்கு அனுப்பிய செலவுக் கணக்கு மட்டும்:
அறுநூற்று இருபது கிலோமீட்டர் பெட்ரோல்,
காபி ஆறு,
கம்பளிக் கையுறை ஒரு ஜோடி.

கையுறைக்கு நேரே, சிவப்பு மையில்:
அனுமதி இல்லை.