எழுதும் பக்கம்

தேவகோட்டை கோர்ட் ஆவண அறையிலிருந்து
அறுநூற்று நாற்பது குறுந்தகடுகளுக்கு
உறை கேட்டு வந்தார் பிச்சைக்கனி.
நான் செய்வது தேன்குழல் பெட்டி.
காரைக்குடி செக்காலை ரோட்டில்
ஒரு வெட்டுமிஷின், ஒரு பசைவாளி,
சொர்ணவல்லி, நான்.
"பினாங்கு வரைக்கும் நொறுங்காமப் போகுதாமே"
என்றார். என் படிப்புச் சான்று அவ்வளவுதான்.

மாதிரிக்கு ஒன்று தந்தார்.
கோப்போடு சேர்த்து யாரோ ஸ்டேப்ளர் அடித்திருக்கிறார்கள்.
துளைக்க முடியாத பின்
தகட்டின் மேலேயே கீறி மடங்கிக் கிடந்தது.
"என்ன இருக்கு இதில்?"
"நகைக்கடை வாசல். பதினேழு நிமிஷம்.
வழக்கு அதில் ஒரு நிமிஷம்."
"பார்த்தீங்களா?"
"புதுசா வந்த கம்ப்யூட்டர்ல
தகடு போடத் தட்டே இல்லைம்மா."

அளந்தேன்.
குறுக்கே பன்னிரண்டு சென்டிமீட்டர்.
கனம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மேல்.
நடுத்துளையில் சுண்டுவிரல் நுழைந்து சுழன்றது.
தேன்குழலுக்குப் பகை காற்று.
இதற்கு விரல்.
பிறகு சித்திரை வெயில், ஐப்பசிச் சுவர்,
காய்கிற பசை விடும் மூச்சு,
மெத்தென்ற பிளாஸ்டிக் (அது கோடையில் வியர்க்கும்,
வியர்த்தால் ஒட்டும், ஒட்டினால் உரிக்கணும்).

முதல் மாதிரியில்
நடுக்குமிழை இறுக்கமாக வைத்துவிட்டேன்.
சோதனைக்கு வீட்டில் ஒன்று இருந்தது,
என் கல்யாண டிவிடி, இரண்டாம் பாகம், பந்தி.
சொர்ணவல்லி விளிம்பைப் பிடித்து இழுத்தாள்.
"பல்லு புடுங்குற மாதிரி இருக்குக்கா."
தகடு வில்லாக வளைந்தது.
அப்புறம் அந்தச் சத்தம்.
பந்தியில் இருந்த முந்நூறு பேரும்
இரண்டாகப் பிரிந்தார்கள்.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்.
"குமிழ் வேண்டாம்" என்றேன்,
"நிற்க வைப்போம்."

மினுங்கும் பக்கத்தில்தான் உயிர் என்று
நானும் நினைத்திருந்தேன்.
அந்தப் பக்கத்துக்குத்தான் துணி, பஞ்சு, பயம்.
கோர்ட் தகட்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தபோது
பால்பாயிண்டில் அழுத்தி எழுதிய எண் வழியே
ஊசி ஊசியாக வெளிச்சம்.
மினுங்கும் பக்கத்துக்கு முழுக் கனமும் காவல்.
எழுதும் பக்கத்துக்கு ஒரு பூச்சு அரக்கு,
அதற்கு நேர் கீழே பதிவு.
வழக்கு எண்ணே வழக்கைக் கீறியிருக்கிறது.

பதினோராவது மாதிரி நின்றது.
அமிலம் இல்லாத அட்டை, உள்ளே நார்த்தாள்,
பசை வெளிமடிப்பில் மட்டும்.
வாயில் அரைவட்ட வெட்டு,
இரண்டு விரல் ஓரத்தைத் தொட மட்டும்.
தட்டலமாரியில் தட்டுகள் போல நிமிர்ந்து,
ஒன்றின் எடை இன்னொன்றின் மேல் விழாமல்.
எண் எழுதக் கட்டம் உறைக்கு வெளியே.

பட்டியல் வந்தது. ஒவ்வொரு உறையிலும்
எண்ணை அச்சடித்துக் கொடுக்கணும்.
நானூற்றுப் பன்னிரண்டு வந்ததும்
மிஷினை நிறுத்தினேன். வேறொன்றுமில்லை,
மை தீர்ந்திருந்தது.
நிரப்பி மறுபடி ஓட்டினேன்.

அந்தத் தகட்டைப் பிச்சைக்கனிக்குத் தெரியாது.
ஜீவனாம்ச மனு, நாலு வருஷம், மேல்முறையீடு.
போனில் அவர் என்னைப் பேசியதை
வக்கீல் பதிந்து கொடுத்த ஒன்பது நிமிஷம்.
அதை எல்லாரும் மறக்கணும் என்றும் இருக்கிறது.
ஒரு எழுத்தும் அழியக்கூடாது என்றும்.
அதற்கென்று தனியாக ஒரு உறை வெட்டவில்லை.
அறுநூற்று நாற்பதும் ஒரே அச்சு.

கட்டுகளை ஆட்டோவில் ஏற்றும்போது கேட்டார்,
"எந்தப் பேனாம்மா நல்லது, தகட்டில் எழுத?"
"எழுதாதீங்க" என்றேன்.
கொஞ்சம் சத்தமாகவே.
ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.