முப்பத்தேழு ஸாரி

சாஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தொன்று.
காரின் எஞ்சினைச் சூடாக வைக்க ஒரு வயர்,
மடிக்கணினிக்கு ஒரு வயர்.
இரண்டும் ஒரே சுவரில் பால் குடிக்கின்றன.

நிரூபணத்தைச் சரிபார்க்கும் அந்த நிரலில்
தெரியாத இடத்தில் ‘ஸாரி’ என்று எழுதலாம்.
விளையாட்டில்லை. அதன் இலக்கணமே அப்படி.
கடன் சொன்னால் நோட்டில் குறித்துக்கொள்ளும்
கடைக்காரர்போல
மஞ்சள் கோடிட்டு மேலே போகும்.

அக்டோபரில் முப்பத்தேழு ஸாரி.
பெர்கனில் ஒருத்தி காலையில் இரண்டை அடைத்தாள்.
மான்டெவிடியோவில் யாரோ ஒன்றை.
ரெஜைனாவில் பனி அள்ளும் லாரி ஓட்டும் டார்லீன்
நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து நான்கை.
என்ன படித்திருக்கிறாய் என்று
நாங்கள் கேட்கவில்லை.
நிரலுக்குக் கேட்கத் தெரியாது.

பிறகு என் வரி வந்தது. துணைத்தேற்றம் 5.2.
பதினோரு வருடத்துக்கு முன் ஆய்வேட்டில்
‘எளிதில் காணலாம்’ என்று எழுதித் தாண்டிய இடம்.
மூன்று பேராசிரியர்கள் தலையசைத்துத் தாண்டினார்கள்.
நிரல் தாண்டவில்லை.
சிவப்பில் ஒன்றே ஒன்று:
கணம் வெற்றாக இருந்தால்?

வெற்றாக இருந்தால்.
எல்லாரும் வந்து உட்கார்ந்த அறையைப் பற்றி
எழுபது பக்கம் எழுதியவள்
யாருமே வராத அறையை
எண்ண மறந்திருக்கிறேன்.
இதே ஊரில், என் முதல் குளிர்காலத்தில்,
அப்படியோர் அறையில் இருந்துகொண்டுதான்
அதை எழுதினேன்.

இரவு இரண்டரை. ஸாரி என்று தட்டினேன்.
மீதி ஆறு இருந்தது, ஏழானது.
படுத்தேன். தூக்கம் வரவில்லை.
உண்மையில், வெட்கம்.

காலையில் அது இல்லை.
டார்லீன். ஐந்து வரி.
வெற்றுக் கணத்தைத் தனியே பிரித்து முடித்துவிட்டு
மற்றதற்கு என் வாதத்தையே விட்டுவைத்திருந்தாள்.
கீழே குறிப்பு:
‘சின்னப் பள்ளம். நிரப்பியாச்சு.
எட்டாம் தெருவில் இதைவிடப் பெரிசு உண்டு.’

கடைசி மஞ்சள் கோடும் மறைந்த அன்று
திருவொற்றியூரிலிருந்து அக்கா போனில்,
‘நீயா நிரூபிச்சே?’
‘நிரூபிச்சோம்.’
‘யார் யாரு?’

ஓம் என்பது தாராளமான விகுதி.
நாமுக்கும் அதுதான், நாங்களுக்கும் அதுதான்.
எத்தனை பேர், எந்த ஊர் என்று சொல்லாது.
பெர்கன்காரியின் முகம்கூட எனக்குத் தெரியாது.
அந்த நிரலும் அதற்குள் அடக்கமா
என்று அக்கா கேட்டிருந்தால்

அங்கே மட்டும் இன்னும் ஒரு ஸாரி
எழுதி வைத்திருக்கிறேன்.