மூலைக்கு ஓர் ஆரம்

ஐந்தாம் பருவம், அலகு இரண்டு.
ஆரல்வாய்மொழிக் காற்று ஜன்னல் கொக்கியைக்
காலையிலிருந்தே சோதித்துக்கொண்டிருக்கிறது.
எத்தனையாவது ஆட்டத்தில் உடையுமென்று
எனக்கொரு கணக்கு உண்டு.
அறுபது இருக்கைக்குப் பதினேழு பேர்.

பாதுகாப்புக் காரணி என்று பலகையில் எழுதினேன்.
தாங்கும் பாரத்தை வரும் பாரத்தால் வகுத்தது.
அசையாத சுமைக்கு இவ்வளவு, மோதும் சுமைக்கு இவ்வளவு,
அட்டவணை டேட்டா புக்கில்.
"இந்த நம்பரெல்லாம் யாரு மிஸ் முடிவு பண்ணினது?"
பெனிஷா.
நமக்கு எவ்வளவு தெரியாதோ
அதற்கு வைத்த எண் அது என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்கள்.

மறுநாள் கிளிட்டன் உரச்சாக்கில் சுற்றி
ஒரு தண்டோடு வந்தான்,
முட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி.
லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டாராம் கண்டக்டர்.
அப்பாவின் போட்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட்.
கரை தெரியாத தூரத்தில் முறிந்தது.
வேறொரு போட்டு கயிறு கட்டி இழுத்துவந்தது;
அவர்களுக்கு டீசல் காசு பாக்கி.

முறிந்த முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினோம்.
ஒரு புள்ளியில் பிறந்து
வளைவு வளைவாய் அகலும் வரிகள்.
இவற்றுக்குக் கடற்கரைத் தடங்கள் என்று பெயர்,
புத்தகம் அப்படித்தான் சொல்கிறது என்றேன்.
குனிந்து பார்த்தான்.
"எங்க கடற்கரை இப்பிடி இல்ல மிஸ்.
இது அலை திரும்பிப் போவச்சில
மணல்ல விட்டுட்டுப் போற கோடாக்கும்."

ஒவ்வொரு கோடும் எஞ்சின் நின்ற ஓர் இரவாக இருக்கலாம்.
நகத்தால் எண்ணினான்.
நாற்பத்தொன்றுக்குமேல் நெருங்கிக் கலங்கின.
"இதுல ஏதோ ஒண்ணு என் ஃபீஸு" என்றான்,
தண்டைச் சாக்கில் திரும்பச் சுற்றியபடி.

புள்ளி இருந்த இடம் சாவிக்காடியின் மூலை.
லேத்துப் பட்டறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை,
கத்தி வைத்தாற்போல் அத்தனை கச்சிதம்.
அந்த மூலையில் அரை மில்லிமீட்டர் ஆரம் கொடுத்திருந்தால்
என்று தொடங்கினேன்.
"ஆரம்னா மாலையும்தானே மிஸ்?"
பின் பெஞ்சு. இதற்குச் சிரித்தார்கள்.
கிளிட்டனும்.

உள்தேர்வில் அதையே கேட்டிருந்தேன், பதினாறு மதிப்பெண்.
கிளிட்டன் தாளில் முதல் வரி:
சுமை தெரியாது, அப்பாவிடம் கேட்க வேண்டும்.
விடைக்குறிப்பில் அதற்கு இடமில்லை.
விட்டம் தப்பு. அலகு போடவில்லை.
படத்தில் மட்டும் ஒரு மூலை விடாமல் வளைத்திருந்தான்,
கீழே பெயரெழுதும் கட்டத்தின்
நான்கு மூலைகளையும் சேர்த்து.

ஐந்து போட்டேன்.
அடித்து ஆறாக்கினேன்.
பிறகு மறுபடி ஐந்து.