முதுகில் ஒரு கோடு

தோளில் தொடங்கி வாலடி வரை
ஒரே கோடு, நீலம் கலந்த பால் மாதிரி.
நூற்று நாற்பது மாடுகள்.
ஒலெகாரியோ ஊற்றுகிறான், நான் எண்ணுகிறேன்.
ஹெரிஃபோர்டுகளின் வெள்ளை முகங்கள்
பட்டியின் கழிகளுக்கிடையில் நெருக்கியடித்து
எங்களையே பார்க்கின்றன.

தக்குவரெம்போவிலிருந்து கேன் கொண்டுவந்தவன்
"செவ்வந்திப் பூவின் வாரிசு, அம்மணி" என்றான்.
"பூ யாரைக் கடிக்கும்?"
பூவைப் பார்த்து ஆலையில் செய்தது என்று
லேபிளின் பின்பக்கம் எறும்பெழுத்தில் இருந்தது.
பக்கத்தில் மொட்டை மரம் ஒன்று,
வயிறு மேலாகக் கிடக்கும் மீன் ஒன்று.
நன்றாகத்தான் வரைந்திருந்தார்கள்.

அன்றிரவு அவன் முகத்தில் எறும்பு ஊர்ந்தது.
விளக்கைப் பிடித்துப் பார்த்தேன், எறும்பு இல்லை.
கன்னத்தில் மிளகாய் அரைக்கிறார்கள் என்றான்.
தண்ணீர் விட்டுக் கழுவினோம்,
கழுவக் கழுவ எரிந்தது.
கடைசியில் சமையல் எண்ணெய் தடவினேன்.
பொரிக்கப் போகிற மீனைப் போல
மினுமினுத்துக்கொண்டு தூங்கிப்போனான்.

சட்டையை மறந்துவிட்டேன்.
அது நாற்காலியில் கிடந்தது.
அதன் மேல் மோரா.
அவன் வியர்வையில்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

விடியலில் முதலில் காது துடித்தது.
பிறகு பின்னங்கால்.
பிறகு பூனை முழுவதும்
யாரோ ஆட்டும் கயிறாக.

அறுபது கிலோமீட்டர் தள்ளி, தொலைபேசியில்,
பூனையின் ஈரலுக்கு இதை உடைக்கத் தெரியாது
என்றாள் கால்நடை மருத்துவர்.
நாய்க்கு ஓரளவு தெரியும். மாட்டுக்குத் தெரியும்.
"மனிதர்களுக்கு?"
"பெரும்பாலும்."
அந்தப் பெரும்பாலும் இன்னும்
எங்கள் வீட்டில்தான் இருக்கிறது,
மேசையில் எங்களோடு சாப்பிடுகிறது.

மோராவைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.
சுற்றியெடுத்துப் போன பச்சைக் கரைத் துண்டு
திரும்பி வரவில்லை.

முன்பெல்லாம் சாணி
மூன்றாம் நாள் சல்லடை ஆகிவிடும்.
வண்டுகள் உருட்டும், புதைக்கும், சண்டை போடும்.
பத்தாம் நாள் அது மண்.
இப்போது வயல் நெடுகத் தட்டுத் தட்டாகக் கிடக்கிறது,
கழுவாமல் விட்ட விருந்து.
பூட்ஸால் ஒன்றைப் புரட்டினேன்,
அடியில் வெளுத்த புல், வேறு எதுவுமில்லை.
தேரோப் பறவை வந்து இரண்டு தட்டுத் தட்டியது,
ஆளில்லாத வீட்டு வாசலில் நின்ற மாதிரி
கொஞ்சம் நின்றது, போய்விட்டது.

பின்பு மழை.
மாடுகளின் முதுகில் இருந்த கோடு
சரிவு தேடி இறங்கியது.
மறுநாள் ஓடையில் மொஹாரா மீன்கள்,
வயிறு மேலாக.
லேபிளில் இருந்த அதே மாதிரி,
கொஞ்சமும் பிசகாமல்.

இருபத்தோராம் நாள்
கிடாரி ஒன்றின் காதுமடலுக்குள் விரல் விட்டேன்.
இருந்தன,
ஊறவைத்த கொண்டைக்கடலை போல,
சாவகாசமாக.

உண்ணிகள் பழகிவிட்டன, அளவைக் கூட்டுங்கள் என்கிறானாம்
கேன் கொண்டுவந்தவன்.
ஒலெகாரியோ என் முகத்தைப் பார்க்கிறான்.
அடுப்பு மேடையிலிருந்த எண்ணெய்ப் புட்டியைத்
தூக்கிக் குலுக்கிப் பார்க்கிறேன்.
பாதிகூட இல்லை.