கடவு

டாலரில் கட்டும் வாடகை ஒரு மாதம் தவறியது,
கார்டு காலாவதி.
எட்டு வருசத்து டிசைன் அத்தனையும்
எந்த தேசத்திலோ பூட்டிய குடோனுக்குள்.
நாலு நாள் கெஞ்சிப் பார்த்துவிட்டு
ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

திருப்பூர், 15 வேலம்பாளையம்,
எம்பிராய்டரி யூனிட்டின் மாடி.
நூல்கோன் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பழைய சிபியு.
மூடியைத் திறந்தால் பஞ்சு.
இந்த ஊரில் எதைத் திறந்தாலும் பஞ்சுதான்.
புளோயரால் ஊதித் தள்ளிவிட்டு
நாலு டெராபைட் டிஸ்க் இரண்டைத் திருகினேன்,
ஒன்று செத்தால் மற்றது பேசட்டும் என்று.

"சர்வர்னா குளுகுளுன்னு ரூம் வேணுமில்லீங்ளா?"
பொங்கியண்ணன் கேட்டார்.
"ஃபேன் போதுங்."
அவர் முகத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு.

நள்ளிரவு வரை கறுப்புத் திரை.
கோப்புறை என் பேரில், ஓடுகிற நிரல் வேறு பேரில்.
அனுமதி இல்லை என்றது.
உடைமையை மாற்றி எழுதினேன்,
பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, ஒரே வரி.
இரண்டு எம்பிக்கு மேல் வாங்க மாட்டேன் என்றது.
அதன் வாயைப் பெரிதாக்கினேன்.
சரி, உள்ளே வந்தாயிற்று என்று நினைக்கையில்
நம்பத்தகாத முகவரி என்று கதவைச் சாத்தியது.

நம்புகிறவர்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது அது.
பூஜ்ஜியத்தில் தொடங்கும் வரிசை.
அதில் என் எண்ணைச் சேர்த்தேன்.
ஒரு காற்புள்ளி விட்டுப்போய்
மொத்தமும் படுத்துக்கொண்டது.

வெளியூரிலிருந்து உள்ளே வர வழி வேண்டும்.
காங்கயத்துப் பக்கம் கிளுவை வேலியில்
மாடு நுழையாமல் ஆள் மட்டும் நுழைய
ஓர் இடுக்கு விட்டிருப்பார்கள்:
கடவு.
ரூட்டரில் நான் விட்டதும் அதுதான்,
நானூற்று நாற்பத்து மூன்று என்ற எண்ணில்.
கடவுச்சொல், கடவுச்சொல் என்று
எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேன்,
அதற்குள் ஒரு வேலி நிற்பதை
அந்த ராத்திரிதான் பார்த்தேன்.

விடிந்ததும் பங்குதாரர்கள் வந்தார்கள், தனித்தனியாக.
பொங்கியண்ணன் டீயோடு:
"அம்முணி, மாப்பிள்ளை பாக்கட்டும்.
கை வெக்க மட்டும் வேண்டாம்."
அரை மணி கழித்துத் தெய்வசிகாமணி, இன்னொரு டீயோடு:
"மாமா பாக்கட்டுங்.
அழிக்கற பவரு எங்கிட்ட இருக்கட்டுங்."
இரண்டு டீயும் ஒரே கடை.

கூட்டுக் கிணற்றில் முறை வைத்து மோட்டார் போடுவதுபோல்
திங்கள் இவருக்கு செவ்வாய் அவருக்கு
என்று டிக் அடிக்க ஒரு கட்டம் இருக்கிறதா,
தேடிப் பார்த்தேன். இல்லை.
இருவருக்கும் எல்லா உரிமையும் கொடுத்தேன்.
இருவரிடமும் "ஆமாங்" என்று சொல்லிவைத்தேன்.

மூன்றாம் நாள் பதிவேட்டைப் பார்க்கிறேன்.
இரவு பதினொன்று நாற்பது,
அவினாசியிலிருந்து ஒருவர், ஊத்துக்குளியிலிருந்து ஒருவர்,
ஒரே கோப்பு: போலந்து ஆர்டரின் காஸ்டிங்.
பீசுக்கு ஆறு ரூபாய் ஏற்றியிருந்தார் அவர்,
நாலு ரூபாய் இறக்கியிருந்தார் இவர்.
சர்வர் யாரையும் அதட்டவில்லை,
யாருக்கும் நாயம் சொல்லவில்லை.
இரண்டையும் வைத்துக்கொண்டது,
ஒன்றின் வாலில் மட்டும்
'முரண் நகல்' என்று கட்டிவிட்டு.

இரண்டையும் பிரிண்ட் எடுத்து
ஒரே மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.
கீழே பன்னிரண்டு தலை மெஷின்
பன்னிரண்டு கரடிக்கும் காது தைத்துக்கொண்டிருந்தது.
"நூல் வெலை பழசைப் போட்டிருக்கே மாப்ள"
என்றார் பொங்கியண்ணன், காகிதத்தைப் பார்த்தபடி.
தெய்வசிகாமணி நாற்காலியை இழுத்தார்,
உட்காரவா எழவா என்று தெரியாத மாதிரி.

என் கூலியா?
மாப்பிள்ளை குடுப்பாருங் என்கிறார் மாமா.
மாமா குடுப்பாருங் என்கிறார் மாப்பிள்ளை.
போச்சாது.
நிர்வாகி கணக்கை
நான் இன்னும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.