ரசீது நாற்பத்தொன்று

ஷெஃபீல்டு நீதிமன்ற வாசலில்
பையைக் கவிழ்த்தார் டெரன்ஸ் ஹெப்வொர்த்:
சாவி, பாதி பிஸ்கட், இருமல் மிட்டாய்,
அப்புறம் அது.

"மொழிபெயர்க்க வந்தவருக்கு எதற்குக் கத்தி?"
"ஆரஞ்சு உரிக்க."
பொய். ஆரஞ்சு எனக்குப் பிடிக்காது.
வீட்டில் இன்னும் பதினேழு இருக்கின்றன.

பழைய விலைப்பட்டியலொன்றில்
நூறு வருஷம் கோட்டோவியமாய்க் கிடந்ததை
போன மாரியில்தான் எஃகாக்கினார்கள்.
கடாக்கொம்புப் பிடி,
ஆட்டுக்குட்டியின் குளம்பாய்ச் சரியும் அலகு.
பூட்டு இல்லை,
மூன்று அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு:
சட்டம் படித்த கத்தி.
இந்தக் கதவுவரைதான் அந்தப் படிப்பு.

நகத்தால் திறந்தார்.
பாதியில் ஒரு டக்,
முடிவில் ஒரு டக்.
காதருகே கொண்டுபோய்
மூடி, மறுபடி திறந்தார்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.

உள்ளே,
ஒரு பையனின் விலாவைப் பற்றிய வழக்கு.
கத்தி என்ற சொல்லை
ஒன்பது முறை ஆங்கிலத்தில் வைத்தேன்.
ஒவ்வொரு முறையும் கை
சட்டைப்பைக்குப் போய்
வெறுமனே திரும்பியது.

ஐந்து மணிக்கு ரசீதை நீட்டினேன்.
கையில் தராமல் மேசையில் வைத்தார்,
எங்கள் வீட்டில் வைப்பதுபோலவே.
ஒன்றும் பேசவில்லை.

டிராமில், மடிக்குள் மறைத்து
நகக்கண் அளவு திறந்தேன்.

ஆப்பிள் வாசனை.