அடைப்புக்குறிக்குள் வயது

எங்கள் தொழிலில் எவரும்
வயதில்லாமல் சாக முடியாது.
பெயர், உடனே ஓர் அடைப்புக்குறி,
உள்ளே இரண்டு இலக்கம்.
அதற்குப் பிறகுதான் லாரி வரும்,
மின்கம்பி அறும், கிணற்றடியில் கால் வழுக்கும்.

ஐப்பசி மழை. முக்கூடலில் சுவர் இடிந்து
பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண் பலி.
வண்ணார்பேட்டை அலுவலகம், இரவு பத்தே முக்கால்.
பக்கம் மூடும் அவசரத்தில் ஐந்து வரி அடித்தேன்.
பிரம்மசக்தி (43).
இடம் போதாமல் 'பரிதாபமாக' என்பதை எடுத்தேன்.
'போலீசார் விசாரித்து வருகின்றனர்' இருந்தது.
அதற்கு எப்படியும் இடம் கிடைத்துவிடும்.

மூன்றாம் நாள் அவள் தம்பி பலவேசம் வந்தான்.
நனைந்த செருப்பை வாசலில் விட்டுவிட்டு
மடித்த பேப்பரை என் மேஜையில் விரித்தான்.
"அக்காளுக்கு முப்பத்திநாலு சார்.
நாப்பத்திமூணுன்னு போட்டிருக்கிய.
நிவாரணத்துக்குத் தாலுகா ஆபீஸ்ல
எல்லாத்தையும் ஒத்துப் பாக்காவ."
கோபமில்லை. தூங்காத குரல்.
படியிறங்கும்போது திரும்பிச் சொன்னான்:
"அவ்வளவு நாளு இருந்திருந்தா
நல்லாத்தான் இருந்திருக்கும்."

மறுநாள் ஏழாம் பக்கக் கீழ்மூலையில்,
தங்கம் விலைக்கும் அணை நீர்மட்டத்துக்கும் நடுவே
திருத்தம் வந்தது.
பாபநாசம் நூற்றுப் பதினெட்டு அடி.
பிரம்மசக்தி முப்பத்து நான்கு.

அன்றிரவு ப்ரூஃப் தாள்களின் முதுகில்
நாவலைத் தொடங்கினேன்,
என் விரல் தடுமாறிக் கொடுத்த
ஒன்பது வருஷங்களுக்குள்.

முதல் வரியிலேயே செத்துப்போனாள்.
யார், எங்கே, எப்போது, எப்படி:
பதினாறு வருஷப் பழக்கம், கை கேட்கவில்லை.
அவளைச் சாகவிடாமல் ஒரு பத்தி எழுத
ஆறு மாதம் ஆயிற்று.

செய்திக்குத் தேவைப்படாத கேள்விகளோடு
மறுபடி முக்கூடலுக்கு பஸ் ஏறினேன்.
நூலை எந்த விரலில் சுற்றுவாள்?
கோபம் வந்தால் சாப்பிடாமல் கிடப்பாளா,
பாத்திரத்தைச் சத்தமாய்க் கழுவுவாளா?
பக்கத்து வீட்டுக்காரி கலர் வாங்கிக் கொடுத்தாள்.
"பேப்பர்ல வருமா?"
இல்லை, கதையில்.
"அப்பம் பொய்தான."
குடித்து முடித்துக் குப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.

முப்பத்தாறில் சைக்கிள் பழகினாள்.
முப்பத்தேழில், கடைக்காரன் கழித்துப்போட்ட பீடியை
அவன் கணக்கு நோட்டின் மேலேயே கொட்டினாள்.
முப்பத்தொன்பதில்
ஆலங்குளம் சந்தையில் வெங்காயம் நிறுப்பவன்மேல்
அவளுக்கொரு ஆசை.
எழுதினேன், கிழித்தேன்.
பலவேசம் படித்தால்?
பிறகு மறுபடி எழுதினேன், இன்னும் கொஞ்சம் கூடுதலாய்.
அவளைக் கேட்காமல் எடுத்தது அது ஒன்றா என்ன?

இப்போது நாற்பத்திரண்டு.
நாவலில் அந்தச் சுவரை இரண்டு தடவை
பூசிவிட்டேன்.
இந்த வாரம் எதுவும் எழுதவில்லை.

போன் அடிக்கிறது. கங்கைகொண்டான் நிருபர்.
பின்னால் மழை, யாரோ அழும் சத்தம்.
பெயர் சொன்னான், எழுதிக்கொண்டேன்.
வயசு?
"சரியாத் தெரியல சார். சுமாரா நாப்பதுன்னு போடுங்க."

இல்லை, கேட்டுட்டு வா, என்றேன்.
வீட்டு ஆளைப் பார்த்துக் கேட்டுட்டு வா.
பக்கம் மூட
பன்னிரண்டு நிமிஷம் இருந்தது.